கழற்ற வேண்டாத டயர்

டயர் கடையில் நின்று புருஷனோடு சண்டை போட்டவள் எங்கள் க்ளீ எலம் மலையூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதுவும் முதல் பனி விழுந்த மறுநாள், ஊரே அங்கே கூடியிருந்தபோது. அக்டோபர் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு, தரை வெளுத்த பிறகுதான் எங்கள் ஆட்களுக்குப் பனி டயர் ஞாபகம் வரும். ரஸ் கடையில் உட்கார இடமில்லை. இலவச பாப்கார்ன் காலியாகி, எந்திரத்தின் அடியில் பொரியாத மணிகள்தான் கிடந்தன.

என் புருஷன் வெர்ன் அந்தக் கூட்டத்தில் ஒரு நாளும் நின்றதில்லை. எங்கள் பிக்கப்புக்கு ஆணி பதித்த பனி டயர்களை நவம்பர் பிறந்ததும் அவனே கொட்டகையில் வைத்து மாட்டுவான். மார்ச் முடிவதற்குள் அவனே கழற்றுவான். அதற்குமேல் ஆணியோடு ரோட்டில் போனால் போலீஸ் பிடிக்கும். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் வழக்கம். அவன் ஜாக்கி போட்டுத் தூக்குவான், நான் நட்டுகளைக் காபி டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டு நிற்பேன். எனக்கு அதில் வேறு வேலை இல்லை. ஆனால் நான் இல்லாமல் அவன் ஆரம்பித்ததே இல்லை.

இந்த வருஷம் அவனால் ஒரு சக்கரத்தைக்கூடத் தூக்க முடியவில்லை. கணையத்தில் புற்று. சியாட்டில் டாக்டரிடம், ஏப்ரலில் மகள் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன். முதலில் கிறிஸ்துமஸைப் பார்ப்போம் என்றார். நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது எனக்கு.

அதனால்தான் ரஸ்ஸிடம் வந்தோம். பனி டயர்கள் நாலும் வண்டியின் பின்னால் கிடந்தன. ரஸ்ஸின் ஆட்கள் மாட்டிவிட்டால் போதும், மார்ச்சில் கழற்றுவதை வெர்ன் பார்த்துக்கொள்வான். நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் பக்கத்து வீட்டு டெல்பர்ட் நின்றான். அவன் வண்டியில் சேற்றில் ஓட்டுகிற பெரிய பெரிய கட்டை டயர். பார்க்க ராட்சசன் மாதிரி இருக்கும், ஐஸில் வைத்தால் சோப்புக்கட்டி.

"எனக்கு இது போதும் வெர்ன், நாலு சக்கரமும் இழுக்குதுல்ல?" என்றான் டெல்பர்ட். சக்கரத்தில் காற்றுப் பார்க்க மட்டும் வந்தவன்.

"இழுக்கும்டா. பள்ளத்துக்குள்ளயும் நல்லாவே இழுத்துட்டுப் போகும்," என்றான் வெர்ன். "கிளம்புறதுக்குத்தான் நாலு சக்கரம். நிக்கிறதுக்கு டயர்தான். போன வருஷம் உன்னையப் பள்ளத்துலேருந்து இழுத்தது யாரு? உன் மாமியாரா?"

எல்லாரும் சிரித்தார்கள். வெர்னும் சிரித்தான், சிரித்து முடித்ததும் மேஜையைப் பிடித்துக்கொண்டான். சட்டை அவன் தோளில் ஹேங்கரில் தொங்குவதுபோலத் தொங்கியது. எங்கள் முறை வந்தது.

"என்னடா, பின்னாடி கிடக்கிற நாலையும் மாட்டிடலாமா?" என்று கேட்டான் ரஸ். பள்ளிக்கூடத்திலிருந்து வெர்னின் சிநேகிதன்.

"அதை நீ வச்சுக்க, யாருக்காச்சும் குடு," என்றான் வெர்ன். "எனக்கு ஆல் சீசன் வேணும்."

ரஸ் பேனாவைக் கீழே வைத்தான். ஆல் சீசன் என்றால் வருஷம் முழுக்கக் கழற்றாமல் ஓட்டுகிற டயர். 'எல்லாக் காலத்துக்கும்னா எந்தக் காலத்துக்கும் உதவாது' என்று அந்த டயரை இத்தனை வருஷம் கேலி செய்து வந்தவன் வெர்ன். அதைப் போட்டிருந்தான் என்பதற்காகத் தன் தம்பியோடு ஒரு கிறிஸ்துமஸ் முழுக்கப் பேசாமல் இருந்தவன்.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்றேன் நான். "அந்த ஆணி டயர் இன்னும் ரெண்டு குளிர்காலம் தாங்கும்."

"தாங்கும். கழட்டுறது யாரு?"

"நீ."

அவன் என்னைப் பார்க்கவில்லை. "ரஸ், பக்கவாட்டுல மலையும் பனிப்பூவும் போட்ட முத்திரை இருக்கணும், நிஜப் பனியில ஓட்டிப் பார்த்தது. சும்மா எழுத்து மட்டும் போட்டிருக்கிறதைக் காட்டாத."

ரஸ் ஒரு டயரை உருட்டி வந்தான். "இது பாரமெல்லாம் தாங்கும். நீ விறகு ஏத்துறவன்…"

"வேணாம். அது கெட்டியா இருக்கும், மழையில அவ்வளவா பிடிக்காது. லேசானதா குடு. இவ மலைக்கு அந்தப் பக்கம் மகள் வீட்டுக்குப் போறவ. அங்க வருஷம் முழுக்க மழை, மேல கணவாயில பனி. ரெண்டுக்கும் ஆகணும். விறகெல்லாம் இவ ஏத்தப் போறதில்ல. வேணும்னா வாங்கிக்குவா."

'போறோம்' என்று சொல்லவில்லை, 'போறவ' என்றான்.

"ஆணி டயரைத்தான் மாட்டணும்," என்று கத்தினேன். "மாட்டு ரஸ். இவன் பேச்சைக் கேட்காத. மார்ச்சுல இவன் கழட்டுவான். நான் நட்டைப் பிடிச்சுக்குவேன். எப்பவும் போல!"

டெல்பர்ட் தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

வெர்ன் மெதுவாக என் பக்கம் திரும்பினான். "ஏ கிழவி," என்றான். செல்லமாகக் கூப்பிடுவது அப்படித்தான். "மார்ச்சுல நீ தனியா அந்த ஜாக்கியோட மல்லுக்கட்டுறதை நினைச்சா எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது. இதை மட்டும் என் இஷ்டத்துக்கு விடு."

அந்த வீம்புக்காரன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை. நான் வெளியே போய், வண்டியின் பின்னால் கிடந்த அந்தப் பழைய டயர்கள் மேல் சாய்ந்து அழுதேன். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதேன்.

புது டயர் மாட்டியதும் சாவியை என் கையில் கொடுத்தான். சர்ச் வாசல் திடலில், இன்னும் யாரும் மிதிக்காத பனியில் ஓட்டச் சொன்னான். கொஞ்சம் வேகம் எடுத்ததும், "இப்ப மிதி," என்றான். மிதித்தேன். காலடியில் பிரேக் கடகடவென்று துடித்தது. பயந்து காலை எடுத்துவிட்டேன்.

"எடுக்காத. அது துடிக்கத்தான் செய்யும். நீ பாட்டுக்கு மிதிச்சுக்கிட்டே இரு."

மறுபடி மிதித்தேன். வண்டி நேராக நின்றது. அவன் கதவைத் திறந்து, டயர் பதிந்த தடத்தைக் குனிந்து பார்த்தான். "பரவாயில்ல," என்றான். "என் தம்பிகிட்ட சொல்லிடாத."

ஜனவரியில், சியாட்டில் ஆஸ்பத்திரியில், ஒரு விடியற்காலையில் போய்விட்டான். வீடு திரும்பும்போது மகள், தானே வண்டி ஓட்டுவதாகச் சொன்னாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே கிளம்பினேன். கீழே கொட்டுகிற மழை. கணவாய்க்கு மேலே கண்ணை மறைக்கிற பனி. பக்கத்தில் இரண்டு வண்டிகள் தடுப்பில் மோதிக் கிடந்தன. என் வண்டி ஒரு இடத்தில்கூட வழுக்கவில்லை. ஒரு தடவை பிரேக் துடித்தது, நான் காலை எடுக்கவில்லை. வாசலில் வந்து நின்றதும் எனக்கு அவன்மேல் கோபம்தான் வந்தது. சொன்னபடியே கொண்டுவந்து சேர்த்துவிட்டானே என்று கோபம்.

மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். தெருவில் ஒவ்வொரு வாசலிலும் வண்டியைத் தூக்கி வைத்து ஆணி டயரைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். இரும்பு தரையில் விழுகிற சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது. நான் என்னை அறியாமல் கொட்டகைக்குப் போய், அலமாரியிலிருந்து காபி டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்திருந்தேன்.

டெல்பர்ட் தன் ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தான். "லொரெட்டா, உன் வண்டிக்கு ஏதாவது செய்யணுமா? எனக்கு வேலை ஒண்ணும் இல்ல, சொல்லு."

"ஒண்ணும் இல்ல டெல்பர்ட். வெர்ன் எல்லாத்தையும் முடிச்சு வச்சுட்டுப் போயிட்டான்."

அவன் தலையாட்டிவிட்டு, ஜாக்கியை உருட்டிக்கொண்டே திரும்பிப் போனான். நான் வண்டிப் பக்கத்தில் காலி டப்பாவோடு நின்றேன். பாவி மனுஷன், பிடித்துக்கொள்ள நாலு நட்டாவது எனக்கு மிச்சம் வைத்திருக்கக் கூடாதா?