ஏழாவது மீசை

மதகைப் பார்க்க ஏரிக்குள் இறங்கிய அவளுடைய கணவன் மேலே வரவில்லை. இடுப்பில் கட்டிய கயிறு அறுந்துவிட்டது. கலங்கின சேற்றில் அவன் கையே அவனுக்குத் தெரியாது. சிலிண்டரில் காற்று இன்னும் பன்னிரண்டு நிமிடம். அவள் கரையில் கணினித் திரை முன் நின்றிருந்தாள். காலையில்தான் ஒன்றுக்கும் உதவாத ஒரு சண்டை. "இன்னிக்கு வீட்டுப் பக்கம் வந்துடாத!" என்று கத்திவிட்டு, வேலை பார்க்கும் பட்டறைக்குக் கிளம்பியிருந்தாள். என்ன வாயோ!

அவனைத் தேடிப் போயிருந்தது அவள் கையால் மீசை ஒட்டிய, தண்ணீருக்கடியில் ஓடும் மெஷின். கடல்நாய் இருட்டில் மீன் போன தடத்தை மீசையாலேயே பிடித்துவிடுமே, அதே வித்தை. ஒன்பது பிளாஸ்டிக் மீசைகள். திரையில் எது அதிர்கிறதோ, அந்தப் பக்கம் ஆள் நீந்தியிருக்கிறான்.

"ஏழாவது துடிக்குது! வலது பக்கம் திருப்பு!" என்றார் தலைமைப் பொறியாளர், மெஷினை ஓட்டும் பையனிடம். பட்டறையில் அவருக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். வைத்தவர்கள் பொய் சொல்லவில்லை.

மெஷின் வலப்புறம் ஓடியது. ஏழாவது ஒரே சீராகத் துடித்துக்கொண்டே இருந்தது. மனுஷன் உதைத்த தண்ணீர் இப்படியா அதிரும்? அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மீசை உருண்டை இல்லை, தட்டை. ஒடுங்கிய விளிம்புதான் தண்ணீரைக் கிழிக்க வேண்டும். அகலப் பக்கத்தை முன்னால் வைத்து ஒட்டினால், மெஷின் ஓடுகிற ஓட்டத்திலேயே தானாகத் துடிக்கும். காலையில் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் ஒட்டியது ஏழாவதைத்தான். சரிபார்த்தாயிற்று என்று கையெழுத்து வேறு போட்டிருந்தாள்.

சொன்னால் வேலை போகும். போய்த் தொலையட்டும்.

"சார், நிறுத்துங்க! ஏழாவதை நம்பாதீங்க. நான் மாத்தி ஒட்டிட்டேன்."

"அறிவிருக்கா உனக்கு?" என்று சீறினாலும் சிடுமூஞ்சி மெஷினை நிறுத்தச் சொன்னார். ஏழாவதும் உடனே நின்றது. மற்ற எட்டும் சும்மா கிடந்தன. ஒரு நிமிடம் போனது. அவளுக்குக் கும்பிடக்கூட ஒரு சாமி பெயர் நினைவுக்கு வரவில்லை. அப்போது இரண்டாவது மீசை லேசாக நடுங்கியது, நின்றது, மறுபடி நடுங்கியது.

அவள் இடப்பக்கம் கையைக் காட்டினாள்.

மூன்று நிமிடக் காற்று மிச்சமிருக்கையில், மெஷினின் கைப்பிடியைத் தொற்றிக்கொண்டு அவன் மேலே வந்தான். உதடெல்லாம் நீலம். "நாளைக்குக் காலையில என் ரூமுக்கு வா," என்றார் சிடுமூஞ்சி அவளிடம். அது அவள் காதில் ஏறவே இல்லை. அவன் சுற்றி நின்றவர்களை விலக்கிவிட்டு அவளைத் தேடினான்.

"வீட்டுக்கு வரலாமா?" என்றான், குளிரில் பல் கிடுகிடுக்க.