இருபது கழிச்சுக்கணும்

அந்த வீட்டுக் கூடத்துக் கடிகாரம் வாய் கூசாமல் பொய் சொல்லும். எப்போதும் இருபது நிமிஷம் கூட்டித்தான் காட்டும். கல்யாணமான புதுசில், ஆடி அசைந்து கிளம்புகிற புருஷனை விரட்டுவதற்காக வேன் அக்காதான் அப்படித் திருப்பி வைத்தாள். பதினெட்டு வருஷமாச்சு. மனுஷன் திருந்தினானா? இருபதைக் கழித்துக்கொள்ளக் கற்றுக்கொண்டான், அவ்வளவுதான். வீட்டில் எல்லோருக்கும் அதே பழக்கம் வந்துவிட்டது, திருப்பி வைத்தவளுக்கும் சேர்த்து.

பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது அவள் வேலை. அதனால்தான் தெருவே வேன் அக்கா என்கிறது. பதினோரு வருஷம் கதவோரமே நின்றவளுக்கு ஸ்டியரிங் பிடிக்கணும் என்று ஆசை வந்தால் அது குற்றமா? பெரிய வண்டிக்கு லைசென்ஸும் எடுத்துவிட்டாள். இப்போது டவுன் பஸ்ஸுக்கு டிரைவர் எடுக்கிறார்கள். இன்றைக்கு டெப்போவில் ஓட்டிக் காட்டணும். எட்டு மணிக்கு கேட்டைச் சாத்திவிடுவார்கள். நாற்பது வயசுக்கு மேல் சேர்க்க மாட்டார்கள், அவளுக்கு அடுத்த மாசம் நாற்பது முடிகிறது. இன்று விட்டால் விட்டதுதான்.

அதனால் ஒரு வாரம் உட்கார்ந்து திட்டம் போட்டிருந்தாள். சும்மா திட்டமா அது? செருப்பு வார் அறுந்தால் மாட்டுவதற்கு ஊக்கு வரைக்கும் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள். ஆறு இருபத்தைந்துக்கு வீட்டை விட்டு இறங்கணும். ஆறு நாற்பது பஸ். ஏழு நாற்பதுக்கு டெப்போ வாசல்.

நாலரைக்கு போனில் அலாரம் அடித்ததும் எழுந்தாள். போனைச் சான்றிதழ்களோடு பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். அப்புறம் கூடத்துக் கடிகாரம்தான் துணை. லேத் பட்டறையில் காலை ஷிஃப்ட் என்பதால், புருஷன் அவள் குளித்துக்கொண்டிருக்கும்போதே கிளம்பிப் போய்விட்டான். சமையலை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது கடிகாரம் ஆறு பத்து காட்டியது. ‘அஞ்சம்பதுதானே’ என்று மகளின் துணியையும் சேர்த்துத் தேய்த்து வைத்தாள். ஆறே முக்கால் காட்டியதும், மனப்பாடமான தாளைப் பார்க்காமலே பிய்த்து மடித்துக்கொண்டு சொன்ன நேரத்துக்கு இறங்கிவிட்ட பெருமையோடு நடந்தாள்.

ஸ்டாப்பில் ஈ காக்கா இல்லை. பேப்பர் போடுகிறவர் மட்டும் சைக்கிளில் சாய்ந்து நின்றார்.

“ஆறு நாற்பது பஸ்ஸா? அது போய்ப் பத்து நிமிஷமாச்சேம்மா.”

பைக்குள் கையை விட்டு போனை எடுத்துப் பார்த்தாள். ஆறு ஐம்பது. தாளைப் பிரித்தாள். அடியில் புருஷனின் கோழிக்கிறுக்கல்: ‘இன்னைக்காவது உனக்கு அந்தக் கணக்கு வேண்டாம். கடிகாரத்தைச் சரி பண்ணிட்டேன். தைரியமாப் போ.’

அட பாவி மனுஷா. பதினெட்டு வருஷத்தில் ஒரு நாள் பொறுப்பாக இருக்கணும் என்று தோன்றியதே, அது இன்றைக்குத்தானா தோன்றணும்? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபத்தில் பாதி, அவன் மேல் உள்ள பாசத்தில் பாதி. பங்கு பிரித்துக்கொண்டிருக்க நேரமில்லை. அடுத்த பஸ் ஏழேகாலுக்கு. அதில் போனால் சாத்தின கேட்டைத்தான் பார்க்கலாம்.

வேன் எந்த நிமிஷம் எந்த வாசலில் நிற்கும் என்று அவளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆறு ஐம்பத்தேழுக்குத் தண்ணீர்த் தொட்டி முனை. இரண்டு சந்து குறுக்கே புகுந்து ஓடினாள்.

“லீவு போட்டும் வேனை விட மாட்டியா தங்கச்சி?” என்றார் வேன் டிரைவர்.

“ஏழு இருபதுக்கு என்னை ஜங்ஷன்ல இறக்கி விடுங்கண்ணா. அங்க எக்ஸ்பிரஸ் பிடிச்சுக்கறேன்.”

“நடுவுல அஞ்சு வீடு இருக்கே.”

“அஞ்சையும் நான் பார்த்துக்கறேன். நீங்க ஓட்டுங்க.”

மூன்றாவது வீட்டம்மா வழக்கம்போல “ஒரு நிமிஷம்” என்றாள். அந்த ஒரு நிமிஷத்துக்கு ஏழு நிமிஷம் ஆகும். வேன் அக்கா பிள்ளையை இடுப்பில் தூக்கி, ஷூவைக் கையில் பிடித்து, “வண்டியில போட்டுக்கலாம்” என்று வந்து ஏறிவிட்டாள். ஜங்ஷனில் இறங்கும்போது ஏழு பத்தொன்பது. எக்ஸ்பிரஸ் அவளை டெப்போ முனையில் இறக்கிவிட்டதும், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

காவலாளி கேட்டை இழுத்துக்கொண்டிருந்தார்.

“எட்டு மூணு ஆச்சும்மா. முடிஞ்சுது.” அவர் அறைச் சுவரில் கடிகாரம் அப்படித்தான் காட்டியது.

“என் போன்ல ஏழு அம்பத்தெட்டுதான்.”

“உங்க போன் எல்லாம் இங்க செல்லாது. இந்தக் கடிகாரம்தான்.”

வேன் அக்கா அந்தக் கடிகாரத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த முழியை அவள் தினமும் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள்.

“அண்ணா, எத்தனை நிமிஷம் கூட்டி வச்சிருக்கீங்க?”

“யார் சொன்னது?”

“யாரும் சொல்லல. எங்க வீட்ல இருபது.”

காவலாளி சுற்றுமுற்றும் பார்த்தார். “அஞ்சு,” என்றார் மெதுவாக. “நம்ம டிரைவருங்க நேரத்துக்கு வர மாட்டேங்கிறாங்களே, என்ன பண்றது?”

“அப்ப அஞ்சைக் கழிச்சுக்கங்க.”

கேட் ஒரு ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்தது. பெரிய வண்டியை எட்டுப் போட்டுக் காட்டினாள், மேட்டில் நிறுத்தி எடுத்துக் காட்டினாள். சாயங்காலம் பட்டியலில் அவள் நம்பர் இருந்தது.

நடந்ததையெல்லாம் கேட்டான் புருஷன். உடனே கடிகாரத்துக்குக் கீழே ஸ்டூலைப் போட்டு ஏறினான்.

“பழையபடி இருபது கூட்டி வச்சிடறேன்.”

“வேணாங்க. சரியாவே இருக்கட்டும். காலையில அந்த ஸ்டாப்புல நின்னப்ப நான் பட்டது எனக்குத்தான் தெரியும். நாளைக்கு என் பஸ்ஸை நம்பி நாலு பேர் அங்க நிப்பாங்க. அவங்ககிட்ட போய்க் கழிச்சுக்கோன்னு சொல்ல முடியுமா?”

“அப்ப நான் எப்படிக் கிளம்புறது?”

“எப்படியாவது கிளம்புங்க. நேரத்துக்கு ஸ்டாப்புல நிக்கலைன்னா உங்களையும் விட்டுட்டுப் போயிடுவேன்.”

செய்தாலும் செய்வாள் என்று அவனுக்குத் தெரியும். பயிற்சியெல்லாம் முடிந்து அவள் முதல் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வந்த காலையில், ஸ்டாப்பில் அவன் ஒருத்தன்தான் நின்றிருந்தான். வந்து இருபது நிமிஷம் ஆகியிருந்தது.