தெருமுனையில் அணைத்த வண்டி

வேப்பமரத்தடிக்கு வந்ததும் வீரமலை மோட்டார் சைக்கிளை நிறுத்தி எஞ்சினை அணைத்தான். பின்னால் உட்கார்ந்திருந்த கலீல் டாக்டர் மடியிலிருந்த பையை எடுக்கவே இல்லை.

"வீடு இதானாப்பா?"

"இல்லீங்க டாக்டர், தெருவோட அந்தக் கோடி. இங்கேருந்து நடந்துதான் போகணும்."

"ஏன், வண்டிக்கு என்ன?"

"வண்டிக்கு ஒண்ணுமில்லீங்க. தெருவுக்குள்ள ஓட்டக்கூடாது."

முதல் வீட்டுச் சுவரில் அப்படித்தான் எழுதியிருந்தது. 'மோட்டார் வண்டியை இறங்கித் தள்ளிச் செல்லவும். இது தெருக் கட்டுப்பாடு.' எழுதியது அவனுடைய அண்ணன் செல்லக்கண்ணு. காலையிலிருந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பவரும் அவர்தான்.

"ஆளு படுத்துக் கெடக்கறப்பகூடவா?" என்றார் டாக்டர். அவருக்கு முழங்கால் வலி. ஒவ்வொரு காலாக ஊன்றித்தான் நடந்தார். வீரமலை வண்டியைத் தள்ளிக்கொண்டு அவருடைய நடைக்குத் தக்கபடி நடந்தான்.

உறையூரில் நெசவுக்காரர் தெருவில் தறிவேலையில் பாதி வீட்டுக்கு வெளியேதான் நடக்கும். விடிந்ததும், தறியில் ஏற்ற வேண்டிய பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, வெயில் ஏறும்முன் உலர்த்திவிட வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன், துறையூர்க் கடைகளுக்குப் புடவைக் கட்டுகள் கொண்டுபோக வீரமலை இந்த வண்டியை வாங்கினான். வாங்கிய மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அடைக்கலத்தின் பாவுக்குள் புகுந்தான். ஒரு பாவு முழுக்க அறுந்து சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. தெருவே கூடிவிட்டது.

செல்லக்கண்ணுதான் தெருவுக்குத் தலைவர். தனக்குப் பிள்ளையில்லை என்று தோளில் தூக்கி வளர்த்த தம்பி என்றுகூடப் பார்க்கவில்லை. வெக்காளியம்மன் சந்நிதியில் நிற்க வைத்து, இனி தெருவுக்குள் வண்டி ஓட்டுவதில்லை என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தார். கட்டுப்பாடு தெருவுக்கு என்று பேர். தெருவில் மோட்டார் வண்டி வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான். அன்றிலிருந்து வேகாத வெயிலில் அவன் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்து வாசலுக்கு வாசல் சிரித்தார்கள். அண்ணனோடு முகம் பார்த்துப் பேசியும் இரண்டு வருஷம் ஆகிறது.

இன்றைக்கு அமாவாசை, தறிக்கு ஓய்வு நாள். எந்த வீட்டிலும் தறி ஓடவில்லை. தெருவில் ஓர் இழைகூடக் கட்டியிருக்கவில்லை.

பாதித் தெரு தாண்டும்போதே அழுகைச் சத்தம் கேட்டது. வண்டியை யார் வீட்டுச் சுவரிலோ சாத்திவிட்டு அவன் ஓடினான். டாக்டர் வந்து நாடி பார்த்தார், கண்ணிமையை விலக்கிப் பார்த்தார், கழுத்தில் தொங்கிய குழாயைக் கழற்றிப் பையில் வைத்தார்.

"நான் முன்னாடியே வந்திருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது தம்பி. பெரிய அடைப்பு. மனசைத் தேத்திக்க."

அந்த ஒரு வார்த்தை வீரமலைக்கு எத்தனை ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டார்கள். நாலு மணிக்குத் தூக்கி எல்லாம் முடியும்வரை அவன் அதைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடினான். தலைமழித்தான். குடம் சுமந்தான். காவிரிக்கரையில் கொள்ளி வைத்தான். முன்னாடியே வந்திருந்தாலும் ஒன்றும் இல்லை, டாக்டரே சொல்லிவிட்டார்.

முழுக்குப் போட்டு, ஈரவேட்டியோடு வந்து விளக்கைப் பார்த்துக் கும்பிட்டான். அண்ணி பொன்னுத்தாய் விளக்குக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்தாள்.

"தம்பி, வர்ற வழியில வண்டி நின்னுபோச்சா?"

"இல்லீங்க அண்ணி. நல்லாத்தான் ஓடிச்சு."

"சத்தமே கேக்கலையே." அவள் திரியைத் தூண்டிவிட்டாள். "காதைத் தெருப்பக்கம் வச்சுக்கிட்டே கெடந்தாரு. சத்தம் கேக்குதா பாரு, கேக்குதா பாருன்னு ஒரே நச்சரிப்பு. தம்பி தள்ளிக்கிட்டுத்தானே வரும்னேன். 'இன்னிக்கா? எனக்கு இப்படின்னா அவன் வாசல் வரைக்கும் ஓட்டிக்கிட்டு வந்துருவான்டீ'ன்னாரு. அப்பறம் பேச்சு இல்ல."



"சூடம் அணைச்சு சத்தியம் பண்ணியிருக்கேனே அண்ணி."

"ஆமா. பண்ணியிருக்கீங்க."

குத்தலாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு. வேப்பமரத்தடியில் எஞ்சினை அணைத்தபோது அம்மன் ஞாபகமா வந்தது? இல்லை. 'நீ போட்ட கட்டுப்பாடுதானே, கிட' என்று நினைத்தான். கண் இமைக்கிற நேரம்தான். ஆனால் நினைத்தான். டாக்டருக்கோ அண்ணிக்கோ தெருவுக்கோ அது தெரியாது. அவனுக்குத் தெரியும்.

மறுநாள் காலை காவிரிக்கரைச் சுடுகாட்டுக்குப் பால் தெளிக்கப் போக வேண்டும். துக்கத்துக்காக அன்றும் தெருவில் யாரும் பாவு கட்டவில்லை. அவனோடு வருவதற்காகப் பால் தூக்குவாளியை வைத்துக்கொண்டு அடைக்கலம் வாசலில் நின்றார்.

"வண்டியை இங்கேருந்தே எடுப்பா. சாமிகிட்ட நான் சொல்லிக்கறேன். இன்னிக்கு யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

வீரமலை வண்டியை வீட்டைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினான். ஓங்கி ஓர் உதை விட்டான். மூன்றாவது உதையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. தெரு முழுக்கச் சத்தம் நிறைந்தது. இரண்டு வீடுகளில் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி சாத்திக்கொண்டார்கள். அவன் ஏறி உட்காரவில்லை. கைப்பிடியைத் திருகித் திருகிச் சத்தத்தை ஏற்றினான். கூடத்தில் அண்ணன் படுத்திருந்த இடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பொன்னுத்தாய் அதன் பக்கத்தில் தலைநிமிராமல் உட்கார்ந்திருந்தாள்.

கொஞ்ச நேரம் அப்படியே ஓடவிட்டான்.

பிறகு அணைத்தான். அடைக்கலத்திடம் தூக்குவாளியை வாங்கிக் கைப்பிடியில் மாட்டினான். பால் தளும்பாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வண்டியை வேப்பமரம்வரை தள்ளிக்கொண்டு போனான்.