எட்வின் சார் ஒட்டிய தகடு

தையல் ஒரு நூலளவு கோணினாலும் "ரிஜெக்ட்!" என்று ஷூவை வீசியெறியும் ஆம்பூர் கம்பெனி மேனேஜர் எட்வின், தன் பழைய காரின் துருப்பிடித்த தரைத்தகட்டைத் தானே பழுதுபார்க்கக் கிளம்பினார். வீடியோ பார்த்து வந்த ஞானம்.

"துருவை வெட்டி எடுத்துட்டு வெல்டிங் வைக்கணும்னு டிங்கர் சொன்னாரே," என்றாள் மனைவி ஜாஸ்மின்.

"அவனுக்கு இன்னா தெரியும்? துரு மேலயே புதுத் தகட்டை வச்சு ஷூ பசையில ஒட்டிட்டா, யானையே ஏறலாம்."

ஒட்டினார். மேலே பளபளவென்று தோலும் விரித்தார். ப்ரமோஷன் தரவிருந்த முதலாளி நிசார் அஹமதுவை அந்தக் காரிலேயே ஒரு கல்யாணத்துக்கு ஏற்றிப்போனார்.

முதல் பள்ளத்திலேயே தரை பிளந்து முதலாளியின் கால் வெளியே தொங்கியது. வண்டி நின்றதும் நடுரோட்டில் கழன்று கிடந்த தன் ஷூவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் அவர்.

"ஷூவுக்கு ஒண்ணும் ஆவல, எட்வின். ப்ரமோஷன்தான் ரிஜெக்ட்."