அணைக்க மறந்த கேமரா

மடிக்கணினியைத் தொடைமேல் வைத்து அவள் ஒவ்வொரு பதிவாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடத்தில், அவள் பக்கத்திலேயே, அப்பா வெள்ளைத் துணிக்குள் கிடந்தார். வண்டி வர அரை மணி நேரம்தான் இருந்தது.

அம்மா காலையிலிருந்து அழவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். "ரெண்டு வருஷமா படுத்தே கெடந்தாரு. அவரு நடக்கிறத ஒரு தடவ பாத்துக்கறேன்டி. உங்கிட்டதான் எல்லா வீடியோவும் இருக்கே."

இருந்தது. முப்பது வருடக் குடும்பப் பதிவுகள். அவற்றை வெட்டி ஒட்டித்தான் அவள் தன் கதையைப் படமாக எடுத்துக்கொண்டிருந்தாள். அம்மா, அண்ணன், அவள், பக்கத்து வீட்டுப் பூனைகூட அவற்றில் உண்டு. அப்பா மட்டும் இல்லை. கேமராவை அவர் யார் கையிலும் கொடுத்ததில்லை. 'கண்ணில் படாத தகப்பன்' என்று அதையே படத்தின் உத்தியாக்கி, நண்பர்களிடம் பீற்றிக்கொண்டவள் அவள். இப்போது நினைக்க வெட்கமாக இருந்தது.

"ஒண்ணுமே இல்லயா?" அண்ணன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

"கழிச்சது கொஞ்சம் இருக்கு. வெறும் தரைதான்."

அப்பாவுக்குக் கடைசிவரை கேமராவை அணைக்க வரவில்லை. அணைத்துவிட்டதாக நினைத்துக் கையில் தொங்கவிட்டபடி நடப்பார். அது பாட்டுக்குத் தரையை எடுத்துக்கொண்டிருக்கும். "உங்களால பாதி டேப்பு வேஸ்ட்டுப்பா" என்று போன மாதம்கூட அவரிடம் சிடுசிடுத்தாள். படுத்தபடியே சிரித்தார். "அதான் நீ இருக்கியே, வெட்டிப் போட்டுடு."

வெட்டிப் போட்டதைத் திறந்தாள். தலைகீழான தரை. ஓரத்தில் இரண்டு கால்கள், வார் அறுந்து ஊக்கு குத்திய செருப்போடு, விறுவிறுவென்று.

அம்மா திரையருகே குனிந்தாள். "இது ஆஸ்பத்திரி வராண்டா. நீ பொறந்த அன்னிக்கு. மனுஷன் எப்படி ஓடுறாரு பாரு, யாரோ துரத்துற மாதிரி."

கால்கள் ஒரு கதவு முன்னால் நின்று செருப்பை உதறின. அதோடு முடிந்தது. பதினெட்டு வினாடி.

"திருப்பிப் போடு."

போட்டாள். மூன்றாவது தடவை ஓடும்போது வாசலில் வண்டி வந்து நின்றது. அண்ணன் எழுந்து போனான். அம்மா எழவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், வெள்ளைத் துணிக்குள் கையை விட்டு அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.