பூட்டக்காவின் அண்ணன்

குடிமக்கள் பதிவு அலுவலகத்தில் அவளை எல்லோரும் பூட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பிறப்பு, திருமணம், மணவிலக்கு, இறப்பு என்று ஊர்ப்பட்ட ஜனங்களின் விவரமெல்லாம் அங்கிருந்த கம்ப்யூட்டர்களில் இருந்தது. யார் எதைத் திறந்து பார்க்கலாம் என்று அனுமதி கொடுப்பதும் பிடுங்குவதும் அவள் வேலை. மேலதிகாரியே விடுப்பில் போனாலும் அவர் கணக்கை மூடிவைத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவாள். "வீட்டுல மிக்ஸிக்கும் பாஸ்வேர்டு வெச்சிருக்கீங்களாக்கா?" என்று கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அவளுடைய அண்ணன் இரும்புக்கடை வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கடைக்கு வரச்சொல்லி, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"உன் மருமக ஒருத்தனைத்தான் கட்டிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. பையன் பார்க்க நல்லாத்தான் இருக்கான். ஆனா ஏற்கெனவே கல்யாணமாகிப் பிரிஞ்சவன்னு ஒரு பேச்சு காதுல விழுந்துச்சு. ஆபீஸ்ல பார்த்துச் சொல்லேன்."

"அது முடியாதுண்ணா."

"முடியாதா, மாட்டியா?"

"மாட்டேன்."

"ஊரான் வீட்டு விஷயமாம்மா கேட்டேன்? நீ தூக்கி வளர்த்த பொண்ணு."

"அவ விவரத்தை யாராவது இப்படிப் பார்த்தா நீங்க சும்மா இருப்பீங்களா? அந்தப் பையனையே கூப்பிட்டுக் கேளுங்க."

"கேட்டா உண்மையச் சொல்லிருவானாக்கும்" என்று முகம் சுண்டிப்போய் ஆணிப் பெட்டிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார் அண்ணன்.

அலுவலகத்தில் மறுநாள் அவளுக்கு வேலை ஓடவில்லை. தனக்குத்தானே அனுமதி கொடுத்துக்கொள்ள அவளால் முடியும். கண்மூடித் திறப்பதற்குள் பார்த்துவிட்டு மூடிவிடலாம். அந்தப் பையன் உண்மையிலேயே மோசமானவனாக இருந்துவிட்டால்? மருமகள் வாழ்க்கை பாழானபின் அலுவலக விதிமுறையைக் கட்டிக்கொண்டு அழுவதா? அவன் பெயரின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டினாள். பிறகு அழித்துவிட்டு, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

இரண்டொரு நாளில் அவள் திரையில் ஓர் அனுமதிக் கோரிக்கை வந்து நின்றது. கேட்டிருந்தவர் திருமணப் பிரிவு எழுத்தர். காரணம், 'விவரம் சரிபார்ப்பு'. பார்க்க வேண்டிய பெயர், அந்தப் பையனுடையது.

நேரே எழுத்தரின் மேசைக்குப் போனாள். "இது எந்த வேலைக்கு?"

அவர் திருதிருவென விழித்தார். "என்னக்கா, நீங்கதானே சொல்லியனுப்புனீங்க? உங்களுக்கு நேரா பார்க்க சங்கடம்னு, கடைக்குப் போனப்ப உங்க அண்ணன் சொன்னாரு."

அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "நான் சொல்லலை" என்று மட்டும் எழுத்தரிடம் சொல்லிவிட்டுத் தன் இடத்துக்கு வந்து கோரிக்கையை நிராகரித்தாள். பிறகு மேலதிகாரியின் அறைக்குப் போய், அண்ணன் கேட்டது, தன் பெயரைச் சொன்னது, தான் தட்டிய அந்த இரண்டு எழுத்து எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரெண்டெழுத்தையும் சேர்த்துச் சொல்றதுக்குத் தைரியம் வேணும்மா. இனிமே உன் கணக்குல நீ எதைத் திறக்கிறேன்னு வேற ஒருத்தர் கவனிக்கட்டும். உனக்கும் அதுதான் நல்லது. அந்த எழுத்தரை நான் கூப்பிட்டுக் கண்டிச்சு வைக்கிறேன்."

சாயங்காலம் அண்ணன் வீட்டுப் படியேறினாள். அண்ணி கதவைத் திறந்துவிட்டு, முகம் கொடுக்காமல் உள்ளே போனாள். அண்ணன் சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

"என் பேரைச் சொல்லி ஏன் கேட்டீங்க?"

"பொண்ணைப் பெத்தவன். வேற என்ன செய்யச் சொல்ற?"

"அந்த எழுத்தருக்கும் பொண்ணு இருக்கு. என்னை நம்பினதுல அவர் வேலையே போயிருக்கும்ண்ணா."

சத்தம் கேட்டு மருமகள் அறையிலிருந்து வந்தாள். யாரைப் பற்றிய பேச்சு என்று புரிய அவளுக்கு நேரமாகவில்லை.

"அவருக்கு முன்னாடி கல்யாணம் ஆனது எனக்குத் தெரியும்பா. பழக ஆரம்பிச்சதுமே அவரே சொல்லிட்டாரு. சேர்ந்து வாழ முடியலன்னு ரெண்டு பேருமா பேசிப் பிரிஞ்சிருக்காங்க. உங்ககிட்டயும் நேர்ல சொல்றேன்னாரு. நீங்க கத்துவீங்கன்னு நான்தான் தள்ளிப்போட்டேன்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

"நான் கத்துவேனா?" என்று அண்ணன் தங்கையைப் பார்த்துக் கேட்டார்.

"கத்துவீங்க" என்றாள் அவள்.

அடுத்த வாரம் அந்தப் பையன் வந்தான். கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னான். அண்ணன் ஒருமுறைகூடக் குரல் உயர்த்தவில்லையாம், அண்ணிதான் அழுதாளாம். முடிவாக, கொஞ்ச நாள் போகட்டும், பார்க்கலாம் என்று சொல்லியனுப்பினார்களாம். இதெல்லாம் மருமகள் போனில் சொல்லித்தான் பூட்டக்காவுக்குத் தெரியும். அவளை அன்றைக்கு யாரும் கூப்பிடவில்லை. அது அவளுக்கு வலிக்கத்தான் செய்தது.

"அப்பா உங்ககிட்ட பேசினாரா அத்தை?"

"இன்னும் இல்லடி."

"பேசுவாரு. கடையில யாரோ உங்களை, அண்ணனுக்கே உதவாத தங்கச்சின்னு சொன்னதுக்கு, என் தங்கச்சியப் பத்தி உனக்கென்ன தெரியும்னு சண்டைக்குப் போயிட்டாராம்."

பூட்டக்காவுக்குச் சிரிப்பு வந்தது. "கத்தினாரா?" என்று கேட்டாள்.