பிரித்துவிட்ட தையல்

மாத்திரை, சட்டைக் கழுத்துப் பட்டனைவிடச் சின்னது. இத்தனூண்டு சமாச்சாரமா தன் மனைவியின் தலைக்குள் குடியேறியிருந்த கூட்டத்தைக் காலி பண்ணப் போகிறது என்று தையல்காரருக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

டாக்டரம்மா ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். "உடனே ஒண்ணும் தெரியாது. முதல்ல தூக்கமும் பசியும்தான் வரும். குரலெல்லாம் அடங்கச் சில வாரம் ஆகும். நல்லாயிடுச்சேன்னு நீங்களா நிறுத்திடாதீங்க."

அப்படியே நடந்தது. பட்டப்பகலில் அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள். எழுந்தால் பசி. பக்கத்து வீட்டுக்காரர்கள் தன்னை ஏசுகிறார்கள் என்று சுவரில் காதை வைத்தபடியே நின்றவள், ஒரு மாலை ஜன்னலோரம் உட்கார்ந்து, "மழை பெய்யுதுங்க," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "மழைச் சத்தம் மட்டும்தான் கேக்குது," என்றாள். தையல்காரருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மெஷினை நிறுத்திவிட்டு அவரும் கேட்டார். வெறும் மழைதான். அப்படியொரு சத்தத்தை அவர் ஆயுசில் கேட்டதில்லை.

ஆனால் அவள் கறாராகச் சொல்லி வைத்திருந்தாள்: "உடம்பு பெருத்துச்சுன்னா இதைத் தொடமாட்டேன்." பெருக்கத்தான் செய்தது. மனுஷர் என்ன செய்வார்? தெரிந்தது ஒரே வித்தை. அவள் தூங்கும்போது அவளுடைய சட்டைகளின் பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே மடித்திருந்த துணியைக் கொஞ்சம் விட்டுத் தைத்து, இஸ்திரி போட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார். ஊருக்கே அளவெடுக்கிறவருக்கு வீட்டுக்காரியின் கண்ணை அளக்கத் தெரியவில்லை.

அடுத்த முறை டாக்டரம்மாவிடம் போனபோது அவள் முகம் வெளிறியிருந்தது.

"மறுபடி ஆரம்பிச்சிடுச்சு டாக்டர். யாரோ என் சட்டையை எடுத்து மாத்தி வைக்கிற மாதிரியே இருக்கு. அப்படியெல்லாம் இருக்காதுன்னு எனக்கே தெரியுது. ஆனாலும் தோணுது. மாத்திரையைக் கூட்டிக் குடுங்க."

டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பினார். "நீங்க ஏதாவது கவனிச்சீங்களா?"

வாயைத் திறந்தால் மாத்திரை போச்சு, மழை மட்டும் கேட்ட அந்த மாலையும் போச்சு. திறக்காவிட்டால் இவள் தன் புத்தியையே நம்பாமல் போய்விடுவாள்.

"நான்தான்," என்றார். "நான்தான் பிரிச்சுத் தைச்சேன். எங்கே மாத்திரையை விட்டுடுவாளோன்னு பயம்."

அவள் அவரையே பார்த்தாள். திட்டு விழப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப எனக்குத் தோணினது நெசமா?"

"நெசம்தான்."

இத்தனை காலமும் "அப்படியெல்லாம் இல்லம்மா" என்றே சொல்லிப் பழகிய வாய் அவருடையது. அத்தனை இரைச்சலும் ஒழிந்த தலைக்குள் ஒரு தையல் மாறியதைக் கண்டுபிடிக்கிற புத்தி திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறதே என்று அவர் மலைத்துப் போனார். அவளுக்குக் கண் நிறைந்து, சிரிப்பும் வந்தது.

"அப்ப கூட்ட வேண்டாம்," என்றார் டாக்டரம்மா. "எடை, ரத்தத்துல சர்க்கரை ரெண்டையும் பார்ப்போம். தினம் நடங்க. அப்பவும் ஏறினா வேற மருந்துக்கு மெதுவா மாத்தலாம். நீங்களா மட்டும் நிறுத்தக் கூடாது."

வீட்டுக்கு வந்ததும் அவள் தன் சட்டைகளையெல்லாம் வாரி அவர் மடியில் போட்டாள்.

"இனிமே என் கண்ணு முன்னாடி பிரிங்க. நீலச் சட்டைக்குக் கறுப்பு நூலைப் போட்டா யாருக்குத்தான் தெரியாது?"

சொல்லிவிட்டு, மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.